கேட்கும் ஊசியும் கேட்காத ஊசியும்

திருச்சி விமான நிலையத்தில் உள்நாட்டுக்குள் பறக்கிறவர்களைவிட வெளிநாடு போய்வருகிறவர்களின் கூட்டமே அதிகம். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், ஷார்ஜா என்று நேரடி விமானங்கள். 2024 ஜனவரியில் புதிய முனையம் திறந்துவைக்கப்பட்டது. பஞ்சப்பூரில் புதிய பேருந்து நிலையம் வந்த பிறகு, மதுரைப் பக்கமிருந்து பெட்டியோடு வருகிறவர்களும் எங்கள் எடமலைப்பட்டி புதூரை ஒட்டியே கடந்துபோகிறார்கள். இந்தப் பகுதியில் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு கிடையாது. முன்பு வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா என்றிருந்தது. இப்போது நைஜீரியாவில் தொழிற்சாலை வேலை, தான்சானியாவில் கணக்கு வேலை, உகாண்டாவில் கட்டட மேற்பார்வை என்று பையன்கள் ஆப்பிரிக்காவுக்கும் போகிறார்கள்.

ஒருவர் புறப்படுகிற வீட்டில் விசா, டிக்கெட், பருப்புப்பொடி, ஊறுகாய், பெட்டியின் எடை என்று எல்லாவற்றையும் பத்து தரம் சரிபார்ப்பார்கள். ஊசியைப் பற்றிய பேச்சு ஏஜென்ட் கேட்டால்தான் வரும். அவர் கேட்காவிட்டால் எந்த ஊசியும் தேவையில்லை என்று முடிவாகிவிடும். இந்த முடிவுதான் ஆபத்து. அரசாங்கங்கள் கட்டாயமாகக் கேட்கிற ஊசி முதலாவதாகத் தங்கள் நாட்டைக் காப்பதற்கானது. போகிறவர் உயிரைக் காக்கிற ஏற்பாடுகளில் பெரும்பாலானவற்றை எந்த விமான நிலையத்திலும் யாரும் கேட்பதில்லை. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும்.

இந்த வேறுபாட்டுக்கு நம் ஊரிலேயே பழைய சாட்சி இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதற்காகத் தோட்ட முதலாளிகள் 1904இல் அமைத்த இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தின் தலைமையிடம் திருச்சிராப்பள்ளிதான். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கத்து ஏழைக் குடும்பங்கள் அதன் வழியாகத்தான் அக்கரைக்குப் போயின. அதற்கு முன் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்த காலத்தில் காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அந்தச் சாவுகளைவிட, காலரா தோட்டத்துக்குள் நுழைந்துவிடும் என்ற பயமே அதிகாரிகளை அசைத்தது. முதலில் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்க் கப்பலும் வந்த பிறகு மண்டபத்திலும் முகாம்கள் நடந்தன. மண்டபம் முகாமில் ஒரு வாரம்போல ஆட்களை அடைத்துவைத்து, குளிக்க வைத்து, துணிகளை ஆவியில் வேகவைத்து, அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்துத்தான் கப்பலேற்றினார்கள். மலாயா போனவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். பினாங்குக்கு எதிரே உள்ள ஜெரஜாக் தீவில் அவர்களைத் தனிமைப்படுத்தி வைத்தார்கள். அந்த ஏற்பாட்டால் தொழிலாளிக்கும் நன்மை கிடைத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அவருக்காக அது ஏற்பட்டதல்ல. தோட்டத்தில் அவருக்காகக் காத்திருந்த மலேரியாவுக்கு மண்டபத்தில் யாரும் பதில் வைத்திருக்கவில்லை.

இன்று வளைகுடா போகிறவர் எடுக்கிற 'மெடிக்கல்' அதே வம்சம். நெஞ்சுப் படம் எடுத்துக் காசநோய் பார்க்கிறார்கள். ரத்தம் எடுத்து எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பார்க்கிறார்கள். நம்மிடம் நோய் இருக்கிறதா என்று அவர்கள் தெரிந்துகொள்கிறார்கள். அங்கே நமக்கு என்ன நோய் வரக்கூடும் என்பதற்கு அந்தச் சான்றிதழில் ஒரு வரியும் இல்லை. 'மெடிக்கல் பாஸ்' என்றதும் உடம்புக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டது என்று நினைப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

கட்டாய ஊசிகளில் முதலில் நிற்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இந்த நோயை நம் ஊர் மஞ்சள் காமாலையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இது கொசுவால் பரவும் வைரஸ் நோய். ஆப்பிரிக்காவிலும் தென், மத்திய அமெரிக்காவிலுமாக ஏறத்தாழ 40 நாடுகளில் இருக்கிறது. நோய் முற்றிய கட்டத்துக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் பத்து நாளுக்குள் இறந்துவிடுகிறார்கள். நேரடி மருந்து கிடையாது. ஆனால் தடுப்பூசி அருமையானது. மாக்ஸ் டைலர் 1937இல் உருவாக்கிய 17டி என்ற வகைதான் இன்றும் போடப்படுகிறது. அதற்காக அவருக்கு 1951இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே ஊசி, ஆயுளுக்கும் போதும். முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை போட வேண்டியிருந்தது. 2016 ஜூலை 11 முதல் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று சர்வதேச சுகாதார விதிமுறைகள் திருத்தப்பட்டன. பழைய அட்டையில் பத்தாண்டு என்று எழுதியிருந்தாலும் அது செல்லும்.

இந்தியாவில் இந்த நோய் இல்லை. ஆனால் அதைப் பரப்புகிற ஏடிஸ் கொசு, டெங்கு பரப்புகிற அதே கொசு, எங்கள் தெருத் தொட்டிகளிலும் மொட்டைமாடி டயர்களிலும் தாராளமாக இருக்கிறது. ஒரே ஒரு நோயாளி வந்து இறங்கினால் என்ன ஆகும் என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் அந்த நாடுகளிலிருந்து திரும்பும்போது சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள், இந்தியக் குடிமகனாக இருந்தாலும். போகும்போது அந்த நாடு கேட்கவில்லை என்று ஊசி போடாமல் போய், வரும்போது நம் நாட்டில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

அந்தச் சான்றிதழ் ஒரு சின்ன மஞ்சள் அட்டை. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், ஊசி போட்ட நாள், மருந்து தயாரித்தவர் பெயர், தொகுதி எண், மருத்துவர் கையெழுத்து, மையத்தின் முத்திரை இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லுபடியாகும். அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டுமே போட முடியும். பக்கத்துத் தெரு கிளினிக்கில் போட்டால் செல்லாது. சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிறுவனமும் துறைமுக சுகாதார அலுவலகமும் நெடுங்காலமாகப் போட்டுவருகின்றன. மற்ற மையங்களின் பட்டியல் ஒன்றிய சுகாதார அமைச்சகத்தில் கிடைக்கும். கிளம்பும்முன் தொலைபேசியில் கேட்டு, பெயர் பதிந்துவிட்டுப் போக வேண்டும். காரணம் இருக்கிறது. பலருக்குப் போடுகிற குப்பியைக் கரைத்துத் திறந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். ஆகவே குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் ஆட்களைக் கூப்பிடுவார்கள். காலையில் ராக்போர்ட் ரயிலில் வந்து இறங்கி நேரே போய் நின்றால் திரும்பி வர வேண்டியிருக்கும்.

இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ் கொண்ட ஊசி. ஆகவே எல்லோருக்கும் ஆகாது. முட்டை கடுமையாக ஒவ்வாதவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் ஒதுங்க வேண்டும். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கிறவர்களும், முதன்முறையாகப் போட்டுக்கொள்கிற அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களும் மருத்துவரிடம் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். மருந்துச் சீட்டை மறைத்து ஊசி போட்டுக்கொள்வது அட்டையைப் பெறுவதற்கு உதவும், உடம்புக்கு உதவாது.

ஊசியே போடாமல் அட்டையை மட்டும் 'ஏற்பாடு' செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போகிறவர்கள் அங்கோலாவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2015 டிசம்பரில் அங்கே மஞ்சள் காய்ச்சல் பெரிதாகப் பரவியது. அந்த நாடு சான்றிதழ் கேட்கிற நாடுதான். இருந்தும் அங்கே வேலை பார்த்த சீனத் தொழிலாளர்கள் 11 பேர் 2016இல் நோயோடு ஊர் திரும்பினார்கள். ஆசியாவுக்குள் மஞ்சள் காய்ச்சல் வந்தது அதுவே முதல்முறை. அந்த இடத்தில் நம் பையன்கள் இருந்திருக்கலாம், அந்த விமானம் நம் ஊருக்கு வந்திருக்கலாம்.

போலியோவில் நம் நாடு கறாராக இருப்பதற்குக் காரணம் நாம் பட்ட பாடு. கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில். 2014 மார்ச் 27இல் போலியோ ஒழிந்த நாடு என்ற சான்று கிடைத்தது. அந்த ஆண்டு முதல், போலியோ இன்னும் ஒழியாத நாடுகளுக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்கு நாலு வாரம் முன்பாகச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு சான்று வாங்க வேண்டும். ஓராண்டு செல்லும். நாடுகளின் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், போகிறபோது பார்த்துக்கொள்வதுதான் வழி. 'சின்னப் பிள்ளைக்குப் போடுவதை எனக்கு ஏன்' என்று வளர்ந்தவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஹஜ், உம்ரா போகிறவர்களின் நிலை தனி. மக்காவில் 1865இல் பரவிய காலரா உலகத்தையே சுற்றியதால் அடுத்த ஆண்டு கான்ஸ்டான்டினோபிளில் நாடுகள் கூடிப் பேசின. அதன் பிறகு இந்தியாவிலிருந்து கப்பலில் போன யாத்ரிகர்கள் செங்கடலில் உள்ள கமரான் தீவில் தனிமைப்படுத்தப்பட்டார்கள். இன்று அந்த இடத்தில் ஊசி வந்துவிட்டது. 1987இல் ஒருமுறை, பிறகு 2000, 2001 ஆண்டுகளில் வேறு வகைக் கிருமியால் ஒருமுறை, யாத்ரிகர்களிடையே மூளைக்காய்ச்சல் பரவியது. ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நாலு வகைக்குமான மெனிங்கோகாக்கல் தடுப்பூசியைச் சவூதி அரேபியா கட்டாயமாக்கியது அதனால்தான். போய்ச் சேர்வதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். இது யாத்ரிகரையும் காக்கிறது, அவர் வீட்டுப் பிள்ளைகளையும் காக்கிறது. ஹஜ் குழுவில் போகிறவர்களுக்கு ஊசி முகாம் நடக்கும். தனியாக, திடீரென்று உம்ராவுக்குக் கிளம்புகிறவர்கள்தான் தவறவிடுகிறார்கள். 2024இல் உம்ராவோடு தொடர்புடைய மூளைக்காய்ச்சல் அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன் மூன்றிலுமாக 12 பேருக்கு வந்தது. பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள். வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் ஃப்ளு ஊசியையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு போவது நல்லது. அவ்வளவு நெரிசலில் இருமல் இல்லாமல் திரும்புகிறவர் குறைவு.

இனி யாரும் கேட்காதவை. அவற்றுள் தலையாயது மலேரியா. ஆப்பிரிக்கா போகிற நம்மவர் உயிருக்கு, நோய்களில் முதல் எதிரி இதுதான். உலகில் மலேரியாவால் ஆண்டுக்கு ஆறு லட்சம்போல இறக்கிறார்கள், அதில் 95 சதவீதம் ஆப்பிரிக்காவில். 'மலேரியாவா, நம்ம ஊரிலும்தான் இருந்தது, ரெண்டு மாத்திரையில் போய்விடும்' என்ற பேச்சைக் கேட்கும்போது வயிறு கலங்குகிறது. தமிழ்நாட்டில் நாம் பார்த்தது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. ஆப்பிரிக்காவில் இருப்பது ஃபால்சிபாரம். அது மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். நல்ல உடல்கட்டு உள்ள முப்பது வயதுக்காரரையும் ஓரிரு நாளில் சாய்த்துவிடும். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சிறுவயதிலிருந்தே திரும்பத் திரும்ப வந்து ஓரளவு எதிர்ப்பு ஏறியிருக்கும். திருச்சியிலிருந்து போகிறவருக்கு அது துளியும் இல்லை. கூட வேலை பார்க்கிற உள்ளூர்க்காரர் காய்ச்சலோடு நடமாடுகிறார் என்று பார்த்து, நமக்கும் அப்படித்தான் என்று நினைப்பது பெரும் பிசகு.

பயணிகளுக்கு இதற்கு இன்று வழக்கத்தில் ஊசி கிடையாது. தடுப்பு மாத்திரை உண்டு. அட்டோவாகுவோன்-ப்ரோகுவானில் கலவையைப் புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, தங்கும் நாளெல்லாம் எடுத்து, திரும்பிய பிறகும் ஏழு நாள் எடுக்க வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பி நாலு வாரம். மெஃப்ளோகுவின் வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும், மனநலக் கோளாறோ வலிப்போ இருந்தவர்களுக்கு ஆகாது. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் டாக்சிசைக்ளின் கூடாது. பழைய குளோரோகுவின் ஆப்பிரிக்காவில் உதவாது. எது யாருக்கு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஊர் திரும்பியதும் 'வந்தாச்சே' என்று மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள் பலர். கிருமி அப்போதுதான் கல்லீரலிலிருந்து ரத்தத்துக்கு வந்துகொண்டிருக்கும். ஒரு மாதப் பயணத்துக்கு மாத்திரை சரி, மூன்று வருட ஒப்பந்தத்துக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். அங்கே மருந்து பூசிய கொசுவலை, சன்னல் வலை, அந்தி சாய்ந்ததும் முழுக்கைச் சட்டை, காய்ச்சல் கண்ட அன்றே ரத்தப் பரிசோதனை இந்த நாலும்தான் காப்பு. இவற்றை முதலாளியிடம் கேட்டு வாங்குவது சம்பளத்தைக் கேட்டு வாங்குவதுபோல உரிமை.

அதைவிட முக்கியம் திரும்பிய பிறகு வரும் காய்ச்சல். ஊருக்கு வந்து இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் அடிக்கும். பக்கத்துக் கிளினிக்கில் டைபாய்டா, டெங்குவா என்று பார்ப்பார்கள். பயணத்தைப் பற்றி நோயாளி சொல்லவில்லை, மருத்துவரும் கேட்கவில்லை என்றால் நாலு நாள் வீணாகும், ஃபால்சிபாரத்துக்கு அந்த நாலு நாள் போதும். மருத்துவர் முன் உட்கார்ந்ததும் முதல் வாக்கியம், 'ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இத்தனை நாள் ஆகிறது, மலேரியா பாருங்கள்' என்பதாக இருக்க வேண்டும். அதே நாளில் ரத்தத் தடவல் பார்க்க வேண்டும், முதல் முறை இல்லையென்று வந்தாலும் மறுபடி பார்க்க வேண்டும். தடுப்பு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் இது பொருந்தும். 2014 ஆகஸ்டில் கினியிலிருந்து சென்னையில் இறங்கிய தமிழக இளைஞர் ஒருவரை எபோலா சந்தேகத்தில் தனிமைப்படுத்திப் பார்த்து, நோய் இல்லை என்று அனுப்பினார்கள். நாடே பேசியது. மலேரியாவோடு இறங்குகிறவருக்கு அப்படி வரவேற்பு கிடையாது, அவரே வாய்திறந்து சொன்னால்தான் உண்டு.

டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ இரண்டும் தண்ணீர், சோறு வழியாக வருபவை. நமக்கு முந்தைய தலைமுறைக்கு ஹெபடைடிஸ் ஏ சின்ன வயதிலேயே வந்துபோயிருக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் வளர்ந்த இன்றைய இருபது வயதுக்காரருக்கு அப்படி இல்லை, வயது ஏறி வந்தால் கடுமையாகவும் இருக்கும். ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. டைபாய்டுக்கு இந்தியாவில் பாரத் பயோடெக் தயாரித்த இணைப்புத் தடுப்பூசியே அந்த வகையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தகுதிச்சான்று பெற்ற முதல் ஊசி. ஹெபடைடிஸ் பி மூன்று ஊசி, முடிக்க ஆறு மாதம் ஆகும் என்பதால் வெளிநாட்டு யோசனை வந்த நாளிலேயே தொடங்கிவிடலாம். டி.டி. ஊசி கட்டட வேலைக்குப் போகிற யாருக்கும் விடுபடக் கூடாது.

மருந்துப் பெட்டியைப் பற்றியும் ஒரு சொல். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, பிரிக்காத அட்டையாக, கைப்பையில் கொண்டுபோக வேண்டும். ட்ராமடால், கோடீன் கலந்த வலி, இருமல் மருந்துகள் வளைகுடாவில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும், முன்அனுமதி இல்லாமல் எடுத்துப் போனால் சிறை. குருமாவுக்கென்று அம்மா பொட்டலம் கட்டிக் கொடுக்கிற கசகசாவும் ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, சிங்கப்பூர் மூன்றிலும் தடைசெய்யப்பட்ட பொருள்தான்.

ஆபத்து நாடு என்றதும் நாம் ஆப்பிரிக்காவையே நினைக்கிறோம். சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கிற பயண மருத்துவருக்கு நாமும் ஆபத்து நாடுதான். இலங்கை 2016இல் மலேரியா ஒழிந்த நாடாயிற்று. அதன் பிறகு அங்கே வெளியிலிருந்து வருகிற மலேரியாவில் கணிசமான பங்கு இந்தியாவிலிருந்து போவது. இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்படும் டைபாய்டில் பெரும்பகுதி இந்தியா, பாகிஸ்தான் வந்து சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டுப் போனவர்களுடையது. ஓட்டலில் தங்குகிற வெள்ளைக்காரர் ஊசி போட்டுக்கொண்டு வருகிறார். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கமும் சித்திரைத் தேருக்குச் சமயபுரமும் வருகிற நம் பிள்ளைகள், 'எங்க ஊருக்குத்தானே' என்று ஒன்றும் போடாமல் வருகிறார்கள். அங்கேயே பிறந்த பேரக்குழந்தைகளுக்கு நம் கிருமிகள் எதுவும் பழக்கமில்லை.

அதிலும் வெறிநாய்க்கடி. உலகில் ரேபிஸால் இறப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்தியர். குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கியதிலிருந்து இதற்காகப் போராடியும் நிலைமை இதுதான். தெருநாயைத் தடவப் போகிற வெளிநாட்டுப் பேரனுக்கு முன்கூட்டியே ரேபிஸ் ஊசி போட்டு அழைத்து வரச் சொல்வதில் எந்தக் குறையும் இல்லை. கடித்துவிட்டால், கீறல் பட்டால்கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள் பொடியும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக் காலம் கடத்தக் கூடாது. முன்பே ஊசி போட்டவருக்கும் கடித்த பின் ஊசி உண்டு, எண்ணிக்கை குறையும்.

காலக்கணக்கு ஒன்றுதான் பாக்கி. பயணத்துக்கு ஆறு வாரம் முன்பு மருத்துவரைப் பார்த்தால் எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிடலாம். மஞ்சள் காய்ச்சல், தட்டம்மை போன்ற உயிருள்ள ஊசிகளை ஒரே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் நாலு வாரம் இடைவெளி விட வேண்டும். ஆறு வாரம் இல்லை, ஆறு நாள்தான் இருக்கிறது என்றாலும் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது. ஹெபடைடிஸ் ஏ ஒரு ஊசியாவது, மலேரியா மாத்திரையாவது கிடைக்கும்.

இவ்வளவையும் ஒரு கட்டடத் தொழிலாளி தானே தேடித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விடுவது நியாயமில்லை. வெளிநாடு போய்வருகிறவர்களால் வளர்ந்த ஊர் திருச்சி. இங்கே அரசுத் தலைமை மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாளாவது வெளிநாடு போகிறவர்களுக்கும் திரும்புகிறவர்களுக்கும் தனிப் புறநோயாளிப் பிரிவு நடக்க வேண்டும். மலேரியா மாத்திரையும் டைபாய்டு ஊசியும் அங்கே இலவசமாகக் கிடைக்க வேண்டும். பாஸ்போர்ட் விண்ணப்பிக்கிற இடத்திலும் 'மெடிக்கல்' எடுக்கிற இடத்திலும், எந்த நாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று தமிழில் ஒரு தாள் கையில் தரப்பட வேண்டும். மாநகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் நினைத்தால் இந்த ஆண்டே செய்யலாம். அதுவரை, உங்கள் வீட்டில் யாராவது கிளம்பினால், டிக்கெட் போட்ட அன்றே ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.